குழலில் அரம் வைக்குமுன்

பழைய ரயில் ஹோர்ன்களைத் தேடி வாங்கி, அழுக்குத் துடைத்து, சுருதி சேர்த்து ஊதிப் பார்க்கும் நண்பர்களுக்கு,



உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியாது. உங்கள் ஹோர்ன்களைத் தெரியும். கனடாவின் ஐந்து குழல் ஹோர்ன், பிரித்தானியாவின் இரட்டைச் சுர ஹோர்ன், சுவீடனின் டைஃபோன் என்று கடல் கடந்து பொதி வரவழைத்து, பொதி வந்த இரவே நித்திரை கொள்ளாமல் கழற்றிப் பார்ப்பவர்கள் நீங்கள். நானும் அப்படித்தான். இருபது வருடமாக ஒன்ராறியோவில் என் கராஜில் காருக்கு இடமில்லை, குழல்கள்தான் இருக்கின்றன. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். கடிந்து சொல்லும் இடங்களும் இதில் வரும். அவற்றை முதலில் எனக்கே சொல்லிக்கொண்ட பிறகுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சென்ற பனிக்காலத்தில் ஒரு பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் மூன்று அலுமினியக் குழல்கள் கிடந்தன. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, ரயில் ஹோர்ன். மூன்றின் வாய் விளிம்பிலும் புதிதாக அரம் ஓடிய தடம். பழைய சாயமும் புகைக் கறுப்பும் படிந்த உடம்பில் அந்த விளிம்பு மட்டும் வெள்ளிக் காப்புப்போல மினுங்கியது. மற்ற இரண்டு குழல்களும் எங்கே என்று கேட்டேன். ஒன்றை மேசை விளக்குச் செய்ய ஒருவர் கொண்டுபோனாராம். இன்னொன்றை, தன்னிடம் குறைந்த மூன்றாம் குழலுக்காக வேறொருவர் வாங்கினாராம். ஐந்தும் பொருந்தியிருந்த அடிப்பாகம் பழைய அலுமினிய விலைக்குப் போய்விட்டது. இது எந்த எஞ்சினில் இருந்தது? விற்றவருக்குத் தெரியவில்லை. ஊதியபோது எப்படி இருந்தது? ஊதிப் பார்க்கவே இல்லை.

அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. அவர் இரும்புச் சாமான் விற்பவர். அவருக்கு முன்னால் அந்த ஹோர்னை வைத்திருந்தவர், அரம் பிடித்தவர், நம்மில் ஒருவர். ஏதோவொரு பாதையில் பல்லாயிரம் கடவைகளில் ஆட்களை விலகச் சொன்ன ஒரு குரல், யாரும் ஒருமுறை பதிந்துவைக்காமலே ஐந்து துண்டாகிப் போனது. நம் கையால் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் இலங்கையில் காங்கேசன்துறை ரயில் பாதையோரம் பிறந்தவன். எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு பனங்காணியும் ஒரு கடவையும்தான். அந்தப் பாதையில் யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. எங்கள் வீட்டுச் சுவரில் மணிக்கூடு இருந்தது. ஆனால் அம்மா உலை வைத்தது ரயிலின், எங்கள் பேச்சில் கோச்சியின், சத்தத்துக்குத்தான். அந்தப் பாதைக்கு வந்த டீசல் எஞ்சின்களில் எம்2 வகை கனடாவில் செய்தது. ஒன்ராறியோவிலுள்ள லண்டன் நகரத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கட்டி, கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா 1954இல் இருந்து இலங்கைக்குக் கொடுத்தவை. அவற்றில் பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். ஒன்ராறியோ என்ற சொல்லை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது பூமிசாத்திரப் புத்தகத்தில் அல்ல, ஓர் எஞ்சினின் பக்கவாட்டில்.

போரால் 1990 யூனில் கோச்சி நின்றது. பிறகு தண்டவாளங்களையும் சிலிப்பர்க் கட்டைகளையும் பெயர்த்துப் பதுங்குகுழிகளுக்கு மூடாகப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். 24 வருடம். அந்த இடைவெளியில் பிறந்து, படித்து, கலியாணம் செய்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் ஊர்க் கடவையில் கோச்சிச் சத்தத்தை ஒருநாளும் கேளாதவர்கள். எங்கள் வீட்டில் கசெட் ரெக்கோடர் இருந்தது. கோயில் திருவிழா மேளத்தைப் பதிந்தோம். அப்பு தேவாரம் பாடியதைப் பதிந்தோம். கோச்சியைப் பதியவில்லை. நாளைக்கும் வரும்தானே என்றிருந்தோம். இன்று அந்த ஒலி என் காதுக்குள் இருக்கிறது. என் பேரப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க வழியில்லை.

ஆகவே, ஒரு ஹோர்னின் குரல் அதன் உலோகத்தைவிட முந்தி அழியும் என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். உலோகம் அலுமாரியில் கிடக்கும்போதே குரல் போய்விடலாம். அதற்கு ஓர் அரமும் ஒரு பின்னேரமும் போதும்.

நீங்கள் கையில் வைத்திருப்பது என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீராவி எஞ்சின்கள் விசிலடித்தன. டீசல் வந்ததும் விசில் போய், ஒற்றைச் சுரத்தில் அலறும் காற்று ஹோர்ன் வந்தது. வீதியில் வந்தவர்களுக்கு அது லொறிச் சத்தமாகவே கேட்டது. ரயில் வருகிறது என்று மனம் எண்ணுவதற்குள் கடவையில் மோதல் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரொபர்ட் ஸ்வான்சன் என்று ஒரு பொறியியலாளர் இருந்தார். மரம் வெட்டும் முகாம்களின் வாழ்க்கையைக் கவிதையாக எழுதிப் பேர் பெற்றவர். அந்த மாகாணத்தில் ரயில் பாதைகளைப் பரிசோதிக்கும் பொறுப்பிலும் இருந்தவர். நீராவி விசிலின் கூட்டொலியைக் காற்று ஹோர்னில் கொண்டுவர வேண்டும், கேட்டவுடனே இது ரயில் என்று தெரிய வேண்டும் என்று அவர் 1940களின் கடைசியில் ஐந்து, ஆறு குழல்களை ஒன்றாக ஊதவைத்தார். அந்த ஹோர்ன்களின் ஏர்சைம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. வன்கூவருக்குப் போனவர்கள் அவர் கைவண்ணத்தைக் கேட்டிருப்பீர்கள். கனடாவின் நூற்றாண்டுக்காக 1967இல் அவர் செய்த பத்து ஹோர்ன்கள் தினமும் மதியம் 12 மணிக்குத் தேசிய கீதத்தின் முதல் நான்கு சுரங்களை நகரம் முழுக்க ஊதுகின்றன.

இசை தெரிந்த ஒருவர், உயிர் காக்க வேண்டும் என்று உட்கார்ந்து தேர்ந்தெடுத்த சுரங்கள் அவை. ஏதோ வந்தபடி வந்த சத்தம் அல்ல. நம்மில் பலர் ஆசைப்படும் கே5எல்ஏ ஹோர்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் அமெரிக்காவின் அம்ட்ராக் ரயில் நிறுவனத்துக்காக டீன் எல்ஸ்வர்த், ஸ்வான்சனோடு சேர்ந்து சுரம் தேர்ந்தது. ஐந்து குழல்களும் ஏறக்குறைய 311, 370, 415, 494, 622 ஹேர்ட்ஸில் பாடும். நான்காம் குழலைச் சட்ஜமமாக வைத்து நம் கணக்கில் பார்த்தால் கீழிருந்து மேலாக: காந்தாரம், பஞ்சமம், தைவதம், சட்ஜமம், மறுபடி மேல் காந்தாரம். மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் விட்டுவிட்டால் இதுதான். பனிக்கால இரவில் தூரத்தில் அது கேட்கும்போது நெஞ்சு ஏன் நிறைகிறது என்று இந்தக் கணக்கைப் பார்த்த அன்று எனக்கு விளங்கியது.

அதே குடும்பத்தில் பழைய கனடிய அமைப்பான கே5எச்சில் முதல் இரண்டு குழலும் ஐந்தாவதும் அதே சுரங்கள்தான். நடுவில் உள்ள இரண்டு மட்டும் வேறு: ஏறக்குறைய 466, 523. இந்த இரண்டு மாறியதும் முழுக் குரலும் மாறிவிடுகிறது. கீழ்க் குழலைச் சட்ஜமமாக வைத்தால் சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். இனிமை குறைவு, தவிப்பு அதிகம். இப்போது நம்மிடையே ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கையில் கே5எச் கிடைத்தால் நடுக் குழல்கள் இரண்டையும் கழற்றி, அமெரிக்கக் குழல்களைப் பொருத்தி, "இப்போதுதான் காதுக்கு இனிமை" என்கிறோம். கழற்றிய குழல்கள் விற்பனைக்குப் போகின்றன. இனிமையைத் தேடி ஒரு நாட்டின் குரலை இன்னொரு நாட்டின் குரலாக்கிவிடுகிறோம். பிரித்தானிய டீசல் எஞ்சின்களின் தாழ்சுரம், மேல்சுரம் என்ற இரட்டை ஒலி பாட்டாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கேட்டவுடன் ஒரு பிரித்தானியருக்குத் தன் ஊர் ஸ்டேஷன் நினைவுக்கு வருகிறதே, அது போதும். அதை ஏன் "சரிசெய்ய" வேண்டும்?

இனி என் பிழையைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம். என்னிடம் ஐந்து குழல் ஹோர்ன் ஒன்று வந்து சேர்ந்தது. கராஜில் குளிர் ஐந்து பாகை. டியூனரை வைத்து ஒவ்வொரு குழலாக ஊதினேன். முதலாவது 311க்குப் பதில் 303 காட்டியது. இரண்டாவது 370க்குப் பதில் 361. ஐந்துமே ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி தாழ்ந்திருந்தன. பழசு, தளர்ந்துவிட்டது, எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். குழல் குறுகினால் சுரம் ஏறும் என்பது தெரியும். இரண்டாம் குழலைப் பிடிகருவியில் இறுக்கி, வாய் விளிம்பை வாளால் அறுத்து, அரத்தால் ராவினேன். இடையிடையே ஊதிப் பார்த்தேன். இருட்டுவதற்குள் டியூனரில் 370 வந்துவிட்டது. மனம் குளிர்ந்தது. மற்ற நான்கையும் வரும் கிழமை பார்ப்போம் என்று வைத்தேன். வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாட்கள் போய்விட்டன.

யூலையில் வெயில் கொளுத்திய ஒரு நாள் ஐந்தையும் பூட்டி ஊதினேன். நான்கு குழல்களும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. இரண்டாவது மட்டும் கூட்டத்தில் கத்திச் சண்டை பிடிப்பவன்போலத் தனியாக நின்றது. டியூனரில் அது 386. மற்ற நான்கோடு சேர 376இல் நின்றிருக்க வேண்டும். அப்போதுதான் மரமண்டைக்கு விளங்கியது: ஹோர்ன் தளரவில்லை. காற்றுத்தான் குளிர்ந்திருந்தது. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குழலின் சுரமும் தாழும். 20 பாகையில் நொடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலி, 5 பாகையில் ஏறக்குறைய 334 மீட்டர்தான் ஓடும். ஐந்து குழலும் ஒரே அளவில் தாழ்ந்திருந்ததே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நான் கண்ணால் பார்த்தும் கேட்கவில்லை. அறுத்த உலோகத்தை ஒட்டமுடியாது. அந்த ஹோர்ன் எஞ்சினில் எப்படிப் பாடியது என்பதும் என்னிடம் பதிவில் இல்லை. அறுப்பதற்கு முன் ஐந்தையும் சேர்த்து ஒருமுறைகூட நான் பதியவில்லை.

நான் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். அளவெட்டியும் இணுவிலும் எங்களுக்குப் பக்கம். சுருதி சேரவில்லை என்றால் வித்துவான் என்ன செய்வார்? சீவாளியை மாற்றுவார். வாயில் வைத்து நனைத்துப் பார்ப்பார். அடித் துளையில் மெழுகை வைத்தோ எடுத்தோ பார்ப்பார். உலவை அறுக்கமாட்டார், அணசை ராவமாட்டார். திரும்ப எடுக்கக் கூடியதை மட்டும் தொடுவார். பரம்பரை பரம்பரையாகக் கைமாறிய வாத்தியங்கள் அதனால்தான் இன்றும் பாடுகின்றன. அந்த மரியாதையைத் தெரிந்த நான், ஹோர்ன் விடயத்தில் அதை மறந்துவிட்டேன். நம் ஹோர்னுக்கும் சீவாளி உண்டு. குழலின் பின்புறம் மூடிக்குள் இருக்கும் டயஃப்ரம்தான் அது. அழுத்தக் காற்று வந்து அந்தத் தகட்டை உள்வாயின் விளிம்பிலிருந்து தள்ளுகிறது, காற்றுத் தப்பியதும் தகடு திரும்பி வந்து அடைக்கிறது, மறுபடி தள்ளுகிறது. நொடிக்கு முந்நூறு, நானூறு தடவை. குழலின் நீளம் அந்தத் துடிப்பைத் தன் சுரத்துக்கு இழுத்து வைக்கிறது. எதையாவது தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பின்புறத்தைத் தொடுங்கள், வாய்ப்புறத்தை விடுங்கள்.

என் கைக்கு வந்த ஹோர்ன்களில் சுருதி கெட்டவை என்று சொல்லப்பட்டவற்றில் பாதிக்கு மேல் சுருதி கெடவில்லை, அழுக்கடைந்திருந்தன. குழலுக்குள் குளவிக் கூடு இருந்தது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து உள்வாயில் கல்லாக இறுகியிருந்தது. யாரோ சாயத்தை உள்ளேயும் பூசியிருந்தார்கள். தகடு வளைந்திருந்தது. பின்மூடித் திருகாணிகள் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்திருந்தன. கழுவி, துடைத்து, தகட்டைச் சமமாக உட்காரவைத்து, திருகாணிகளை எதிரெதிராக மாறி மாறி இறுக்கியதும் குரல் வந்துவிட்டது. இன்னும் சிலவற்றில் குறை ஹோர்னில் இல்லை, நம் கொம்பிரசரில் இருந்தது. வட அமெரிக்க எஞ்சினின் காற்றுத் தாங்கியில் 130, 140 பிஎஸ்ஐ நிற்கும், தாங்கியும் பெரியது. நம் வீட்டுக் கொம்பிரசரின் சின்னத் தாங்கி இரண்டு நொடியில் சோர்ந்துவிடும். காற்றுச் சோர்ந்தால் குழல் தடுமாறும், நடுங்கும், பிந்திப் பேசும். அந்த நடுக்கத்தைக் கேட்டுவிட்டு, பாவம், நாம் குழலை அறுக்கிறோம்.

உங்களில் சிலர் சொல்லும் பதில்கள் எனக்குக் கேட்கின்றன. "என் காசு, என் ஹோர்ன், என் விருப்பம்." சட்டப்படி சரி. ஆனால் உங்கள் காசுக்கு நீங்கள் வாங்கியது பத்துக் கிலோ அலுமினியம் என்றால் அலுமினியக் கடையில் மலிவாகக் கிடைத்திருக்குமே. ஒரு பாதையின் குரல் என்பதால்தானே அவ்வளவு விலை கொடுத்தீர்கள். அந்தக் குரலை மாற்றிய பிறகு கையில் மிஞ்சுவது நீங்கள் விலை கொடுத்த பொருள் அல்ல.

"ரயில்வேக்காரரே குழல்களை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள், பட்டறையில் ராவியிருக்கிறார்கள், நாங்கள் செய்தால் மட்டும் பிழையா?" இதுவும் உண்மைதான். அவர்கள் மாற்றினார்கள். ஆனால் பட்டறையில் ஒருவர் இரவு வேலையில் கைக்குக் கிடைத்த குழலைப் பூட்டி எஞ்சினை அனுப்பினார் என்றால், அந்தப் பொருந்தாத குழலோடு அது வருடக்கணக்கில் ஓடியிருக்கும். பாதையோரச் சனம் அந்தக் குரலைக் கேட்டு எழும்பியிருக்கும். அந்த அரத் தடமும் சரித்திரம். நாம் அதன்மேல் அரம் ஓட்டினால் அவர் தடமும் அழிகிறது. அவர் எஞ்சினை ஓடவைக்கச் செய்தார். நாம் டியூனரின் முள் நடுவில் நிற்பதைப் பார்க்கச் செய்கிறோம்.

"கொஞ்சம் விலகியிருந்தால் காது கூசுகிறது." இதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கீழ்க் குழல் 311 என்றால் மேல் குழல் அதன் இரு மடங்கு, 622இல் நிற்க வேண்டும். அது 625இல் நின்றால் இரண்டும் சேரும்போது நொடிக்கு மூன்று தடவை ஒலி எழுந்து தாழும். ஓர் அலை மாதிரி. நீங்கள் அதைப் பிழை என்கிறீர்கள். பாதையோரம் வாழ்ந்தவருக்கு அந்த அலைதான் அடையாளம்; எந்த எஞ்சின் வருகிறது என்று அவர் கண்ணால் பார்க்க முன்பே சொல்லுவார். ஊரில் எங்கள் கடவைக் காவலர் அப்படிச் சொல்லுவார். அவரிடம் டியூனர் இருக்கவில்லை.

இன்னும் இரண்டு விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி எஞ்சின் ஹோர்ன் 100 அடி முன்னால் 96 டெசிபெலுக்குக் குறையாமலும் 110க்குக் கூடாமலும் ஒலிக்க வேண்டும். ஒரு மீட்டர் பக்கத்தில் அந்த 110 ஏறக்குறைய 140 ஆகிவிடும். காதைக் கெடுக்க ஒரு ஊதல் போதும். காதுக்கவசம் இல்லாமல் ஊதாதீர்கள்; பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். லொறியில் பூட்டிக்கொண்டு வீதியில் ஆட்களை வெருட்டாதீர்கள். இரண்டு நெடில், ஒரு குறில், ஒரு நெடில் என்ற அந்தக் கடவை ஊதலுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: ரயில் வருகிறது, விலகு. அதை விளையாட்டாக்கினால் ஒருநாள் உண்மையான ரயிலுக்கும் ஒருவர் விலகாமல் நிற்பார்.

மற்றது, எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத ஹோர்னை வாங்காதீர்கள். இரவில் நிறுத்திவைத்த எஞ்சினிலிருந்து கழற்றிய ஹோர்ன்களும் சந்தைக்கு வருகின்றன. நாம் வாங்க மறுத்தால் கழற்றுகிறவரும் கழற்றமாட்டார்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பெரிய காரியம் இல்லை. ஒரு பின்னேர வேலை.

உங்களிடம் உள்ள ஒவ்வொரு ஹோர்னையும், வந்தது வந்தபடியே, எதையும் தொடுமுன் ஒருமுறை பதியுங்கள். எல்லாக் குழலையும் சேர்த்து ஊதி ஒன்று. ஒவ்வொரு குழலையும் தனித்தனியாக ஊதி ஒன்று. மைக்கைத் தள்ளி வையுங்கள். கிட்ட வைத்தால் ஒலி உடைந்து பதியும். பதியும்போதே வாயால் சொல்லிவிடுங்கள்: இன்றைய திகதி இது, வெப்பநிலை இவ்வளவு, ஹோர்ன் வாயிலில் காற்றழுத்தம் இவ்வளவு, குழலில் வார்த்திருக்கும் இலக்கம் இது, இன்ன பாதையிலிருந்து இன்னார் மூலம் வந்ததாகக் கேள்வி. வெப்பநிலையைச் சொல்லாத பதிவு என்னைப்போல் இன்னொருவரை அரத்தை எடுக்க வைக்கும். பாகையைச் சொல்லிவிட்டால் நூறு வருடம் கழித்தும் ஒருவர் கணக்குப் போட்டு உண்மைச் சுரத்தைக் கண்டுபிடிப்பார்.

பிறகு கழுவுங்கள், துடையுங்கள், தகட்டை மாற்றுங்கள். மாற்றிய பழைய தகட்டை உறையில் போட்டு அந்த ஹோர்னோடேயே வையுங்கள். வேறு சுரம் வேண்டுமென்றால் வேறு குழல் தேடிப் பூட்டுங்கள். கழற்றிய குழலை விற்காமல் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஹோர்னை விற்க வேண்டி வந்தால் முழுதாக விற்றுவிடுங்கள். குழல் குழலாகப் பிரித்தால் கூடக் காசு வரும் என்பது எனக்கும் தெரியும். வாங்குகிறவரிடம் பதிவையும் கொடுங்கள்.

அந்தப் பதிவின் ஒரு பிரதியை ரயில் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுங்கள். கியூபெக்கில் எக்ஸ்போரெயில் இருக்கிறது. ரொறன்ரோவில் ஜோன் வீதி வட்டக் கொட்டகையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்குவாமிஷில் ஒன்று இருக்கிறது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் அங்கும் இருக்கும். அங்கெல்லாம் எஞ்சின்களைச் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். ஓடாமல் நிற்கும் எஞ்சினில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் குரலும் இல்லை. அவற்றின் உடம்பு அங்கே நிற்கிறது. குரல் நம் கராஜ்களில் கிடக்கிறது.

ஊரில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கனடா கொடுத்த அந்த எம்2 எஞ்சின்களில் சில ஏறக்குறைய எழுபது வருடம் இலங்கையில் உழைத்தன. உங்கள் பாதையில் பழைய எஞ்சின் எது வந்தாலும் கடவையில் நின்று கைபேசியில் பதிந்துவையுங்கள். தண்டவாளத்துக்குத் தள்ளி நின்று பதியுங்கள். நாளைக்கும் வரும்தானே என்று நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடவேண்டாம்.

இந்த மடலை எழுதத் தொடங்குமுன் என்னிடமுள்ள எல்லா ஹோர்ன்களையும் பதிந்து முடித்தேன். நான் அறுத்த அந்த இரண்டாம் குழலையும் பதிந்தேன். எந்த மாதம், எத்தனை பாகையில், என்ன நினைத்து அறுத்தேன் என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறேன். அரம் எங்கும் ஓடிப்போகாது. இந்தச் சனிக்கிழமை அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, முதலில் பதியுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்